பிரஷர் ஏறினால் எல்லாம் ‘யோசனை’தானா?

கடந்த பெப்ரவரியில் வெளிநாட்டுப் பயிற்சியொன்றுக்கு விண்ணப்பிப்பதற்காக எனக்கு மருத்துவ அறிக்கை தேவைப்பட்டது. கொழும்பில் ஒரு தனியார் நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலம் காத்திருந்தபின் தாதி என்னை உள்ளே அழைத்து, கையில் பட்டியைச் சுற்றினார். சிறு திரையில் 162/100 என்று விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் அமுக்கினார். 158/98.

எனக்கு வயது 36. புகைப்பதில்லை, குடிப்பதில்லை. வாரத்தில் நான்கு நாள் விடிய எழும்பி வெள்ளவத்தை மரைன் டிரைவில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறேன். கொஞ்சம் முழங்கால் நோவைத் தவிர எனக்கென்று சொல்ல ஒரு வருத்தமும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன்பு பார்த்தபோது 118/76. ஒரே வருடத்தில் எப்படி இவ்வளவு ஏறும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது.

“நீ கனக்க யோசிக்கிறாய் பிள்ளை. அதுதான்.”

எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் ‘யோசனை’தான் காரணம். அப்பாவின் பிரஷருக்கும் இருபது வருடமாக அதே பெயரைத்தான் சொன்னோம். வீடு போன யோசனை, தம்பியைப் பற்றிய யோசனை, காணிப் பிரச்சினை யோசனை. வைத்தியர் எழுதிக்கொடுத்த குளிசையை அப்பா யோசனை கூடின நாள்களில் போடுவார். மனம் கொஞ்சம் ஆறினால் விட்டுவிடுவார். 2013இல் ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்தார். பாரிசவாதம். ஒன்பதாம் நாள் எங்களை விட்டுப் போனார்.

ஆகவே அம்மா அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தில் கேட்டும் படித்தும் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல. இது வைத்தியரிடம் போவதற்குப் பதிலாக அல்ல, போகும்போது எதைக் கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

நாள் முழுக்க மாறும் எண்

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது நாடிச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு இரத்தத்தை நிரப்பிக்கொள்ளும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 என்று நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பதால், அது இரத்த வகையைப் போல ஒருவருக்கு ஒரே எண்ணாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

உண்மையில் அது கடல் மட்டம் மாதிரி. நித்திரையில் பகல் அளவைவிட 10 முதல் 20 வீதம் வரை இறங்கும். விடியும்போது ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான ஒருவருடைய மேல் எண் 180ஐத் தாண்டினாலும் அது நோயல்ல. தசைகளுக்கு இரத்தம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான். ஓடி முடித்துச் சில மணித்தியாலங்களுக்கு வழமையைவிடக் குறைந்து நிற்பதும் உண்டு. சண்டை பிடித்தால் ஏறும். பல் நொந்தால் ஏறும். படி ஏறி வந்து உடனே அளந்தால் ஏறியிருக்கும்.

ஆகவே ஒரு தடவை கூடிய எண் வந்துவிட்டது என்பதற்காக ஒருவர் பிரஷர்காரர் ஆகிவிடுவதில்லை. வைத்தியசாலையில் வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90க்கு மேல் தொடர்ந்தால்தான் உயர் இரத்த அழுத்தம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்க இதய மருத்துவர்கள் 2017இல் அந்த எல்லையை 130/80 ஆகக் குறைத்தார்கள். எந்த எல்லையை எடுத்தாலும், ஒரு அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

அளக்கும்போதே வரும் பிழை

எங்கள் குடும்ப வைத்தியர் என் அறிக்கையைப் பார்த்ததும் முதலில் கேட்டது எண்ணைப் பற்றியல்ல. “எப்படி இருந்து அளந்தனீங்கள்?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். காலையில் இரண்டு கோப்பை கோப்பி குடித்திருந்தேன். ஒன்றரை மணித்தியாலமாகச் சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தேன். முதுகு சாய முடியாத ஸ்டூல். கால் தரையைத் தொடவில்லை. கை மடியில் தொங்கியது. சட்டைக் கைக்கு மேலால் பட்டியைச் சுற்றினார்கள். அளக்கும்போதே தாதி என் விலாசத்தைக் கேட்டுப் படிவத்தை நிரப்பினார், நானும் பதில் சொன்னேன்.

இவற்றில் ஒவ்வொன்றும் எண்ணைக் கூட்டக்கூடியது. கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலோ, சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலோ, கதைத்துக்கொண்டிருந்தாலோ மேல் எண் 10 அளவில் கூடலாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினாலும் பொய்யாகக் கூடும்.

சரியான முறை இது. அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே கோப்பி, தேத்தண்ணி, சிகரட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாயும் கதிரையில் கால் இரண்டும் தரையில் படியுமாறு ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். வெறுங்கையில் பட்டியைக் கட்டி, கையை மேசையில் இதய மட்டத்தில் வைக்கவேண்டும். வாய் திறக்கக்கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை அளந்து, இரண்டையும் எழுதவேண்டும்.

வைத்தியரைக் கண்டாலே ஏறும் பிரஷரும் உண்டு. வீட்டில் சரியாக இருக்கும், கிளினிக்கில் ஏறிவிடும். எங்கள் ஆட்களில் பலருக்கு வாசலில் சீருடை, கையில் படிவம், ‘அடையாள அட்டையைக் காட்டுங்கோ’ என்ற சொல், இவை போதும். இதற்கு நேர்மாறானதும் உண்டு: கிளினிக்கில் நல்ல எண், வீட்டிலும் வேலையிலும் கூடிய எண். இது யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் நாடிகளைக் கெடுக்கும் என்பதால் கூடுதல் ஆபத்தானது.

இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி வீட்டில் அளப்பது. வைத்தியர் ஏழு நாள் கணக்கு எழுதச் சொன்னார். காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை. முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்ச ஆறு நாளுக்கும் சராசரி பார்க்கவேண்டும். வீட்டில் அளந்த சராசரி 135/85ஐத் தொட்டால் அது கூடின பிரஷர். மணிக்கட்டில் கட்டும் கருவியைவிட மேற்கையில் கட்டுவதே நம்பகமானது என்றும் சொன்னார். நாங்கள் புதுக் கருவி வாங்கவில்லை. எங்கள் ஃபிளாட்டில் மூன்றாம் மாடி அன்ரியின் மகன் கனடாவிலிருந்து அனுப்பிய கருவி, ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தது.

என் சராசரி 144/92. கோப்பியும் ஸ்டூலும் கொஞ்சம் கூட்டியிருந்தன, ஆனால் முழுக்கப் பொய் அல்ல.

கைப்பையில் இருந்த காரணம்

அம்மாவுக்கு இப்போது இன்னும் உறுதியாகிவிட்டது. “பாத்தியே, யோசனைதான்.” வைத்தியரோ அடுத்த கேள்விக்குப் போனார். “என்னென்ன குளிசை போடுறீங்கள்?”

ஒன்றுமில்லை என்றேன். பிறகுதான் முழங்கால் நினைவுக்கு வந்தது. ஓடுவதை நிறுத்த மனமில்லாமல், பாமசியில் நானே கேட்டு வாங்கிய டைக்ளோபினாக் குளிசையை ஆறு வாரமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நான் மருந்தாகவே எண்ணவில்லை.

டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகள், சிறுநீரகத்துக்குள் இரத்த ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும் ஒருவகை இரசாயனம் சுரப்பதையும் சேர்த்துத் தடுக்கின்றன. அதனால் உடல் உப்பையும் தண்ணீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. எல்லாருக்கும் அல்ல, ஆனால் சிலருக்கு நன்றாகவே பிரஷர் ஏறும். ஏற்கெனவே பிரஷர் குளிசை போடுபவர்களில் அந்தக் குளிசையின் வேலையையும் இது குறைத்துவிடும்.

வைத்தியர் சொன்ன பட்டியலில் மற்றவையும் இருந்தன: மூக்கடைப்புக்குப் போடும் சில தடிமன் குளிசைகள், ஸ்டீரொயிட், சில கருத்தடைக் குளிசைகள், சக்தி பானங்கள், மதுபானம். நாட்டு மருந்துகளில் அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகம் எடுப்பதும் பிரஷரை ஏற்றி, இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். குறட்டையோடு நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது இன்னொரு காரணம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மிக்ஸர் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் உப்பைச் சொல்லத் தேவையில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்டு உப்பு போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை.

இளவயதில் திடீரென்று பிரஷர் ஏறினால், உள்ளே மறைந்திருக்கும் நோயையும் தேடவேண்டும். சிறுநீரக அழற்சி, சிறுநீரக நாடி சுருங்குதல், தைரொயிட் கோளாறு, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரத்தல் ஆகியவை அவற்றில் சில. விட்டுவிட்டுத் தலையிடி, வியர்வை, நெஞ்சுப் படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து அப்போது மட்டும் பிரஷர் ஏறுவது அதிரீனலில் வரும் அரிய கட்டியொன்றின் குணம். அதைத்தான் ‘பயம்’, ‘பதற்றம்’ என்று சொல்லிக் கடந்துவிட மிக வாய்ப்புண்டு.

எனக்குச் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனை, இரத்தத்தில் கிரியற்றினின், பொட்டாசியம், சீனி, பிறகு ஈசீஜீ எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. டைக்ளோபினாக்கை நிறுத்தினேன், முழங்காலுக்கு உடற்பயிற்சி செய்தேன். மூன்று வாரத்துக்குப் பிறகு மறுபடி ஏழு நாள் கணக்கு. சராசரி 126/80.

இறங்கினாலும் கவனம்

ஓடுபவர்களுக்கும் இளம் பெண்களுக்கும் 100/65 என்று இருப்பது சாதாரணம். தலைச்சுற்று, மயக்கம் இல்லாவிட்டால் அதற்கு மருந்தும் தேவையில்லை. கொழும்பு வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் ஓடிவிட்டுச் சட்டென்று நின்றால் கண் இருட்டும். கால்களில் தேங்கிய இரத்தம் மேலே வரச் சுணங்குகிறது. மெல்ல நடந்து ஆறவேண்டும்.

எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அதற்குக் காரணம் தேடவேண்டும். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு இதுதான் நடந்தது. இருந்து அளந்தால் 150, எழும்பினால் 115. ஏறின எண்ணைப் பார்த்து அவரே ஒரு குளிசையைக் கூட்டிப் போட்டிருந்தார்.

எங்கள் ஊரில் இறங்கும் பிரஷருக்கு இன்னொரு பெயர் டெங்கு. 2017இல் மட்டும் இலங்கையில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். இரத்தத்தின் நீர்ப்பகுதி நாடிகளிலிருந்து கசியத் தொடங்குவது அப்போதுதான். அந்நேரம் மேல் எண்ணைவிட, இரண்டு எண்ணுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்க்கவேண்டும். 100/80 என்பது நல்ல எண் போலத் தோன்றும். ஆனால் டெங்கு நோயாளியில் வித்தியாசம் 20க்கு வந்துவிட்டால் அது அதிர்ச்சி நிலையின் அடையாளம், உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது நான் போட்ட மாதிரியான வலிக் குளிசைகளைத் தொடவே கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும்.

அப்படியானால் யோசனைக்குப் பங்கே இல்லையா?

இருக்கிறது. அதை மறுத்தால் எங்கள் வாழ்க்கையையே மறுப்பதாகும்.

2007இல் எனக்கு 18 வயது. கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டில் இருந்தோம். அந்த வருடம் ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஆனால் அதன்பிறகு கன மாதங்களுக்கு, யார் கதவைத் தட்டினாலும் அப்பாவின் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரியும்.

பயம் வந்தால் மூளை அதிரீனலுக்குச் சைகை கொடுக்கிறது, அதிரீனலின் சுரப்பு நாடிகளைச் சுருக்குகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகிறது. இது போரில் மட்டும் கண்டதல்ல. இரண்டாம் உலகப் போரின் பாலைவனச் சண்டையிலிருந்து வந்த பிரித்தானியச் சிப்பாய்களுக்குப் பிரஷர் ஏறியிருந்ததையும், ஓய்வு கிடைத்தபின் பலருக்கு இறங்கியதையும் 1945இல் லான்செற் இதழ் பதிவு செய்தது. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியபோதும் அதேதான் நடந்தது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் பிரஷர் பழைய நிலைக்கு வந்தது. சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் அது நீடித்தது.

அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. யோசனையால் ஏறும் பிரஷர் பொதுவாக இறங்கும். இறங்காமல் நிற்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொன்றும் இருக்கிறது. ‘யோசனை’ என்று சொல்லி நிறுத்திவிட்டால் அந்த இன்னொன்றைத் தேடமாட்டோம்.

லெனின்கிராட் முற்றுகை இன்னொன்றையும் காட்டுகிறது. 1941 முதல் 1944 வரை அந்த நகரம் பட்டினியில் கிடந்தது. முப்பது வருடங்களுக்குப் பிறகு அங்கு வாழ்ந்த ஆண்களைப் பரிசோதித்தபோது, முற்றுகைக்குள் இருந்தவர்களுக்கு, அதிலும் ஒன்பதுக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதில் அதை அனுபவித்தவர்களுக்கு, மேல் எண் கூடியிருந்தது. வளரும் பருவத்துப் பட்டினியை நாடிகள் மறக்கவில்லை.

2009இல் வன்னியில் அந்த வயதில் இருந்தவர்களுக்கு இப்போது ஏறக்குறைய 25 முதல் 32 வயது. அவர்களில் பலர் இன்று வெள்ளவத்தைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனை அறைகளிலும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஓடி ஓடி உழைக்கிறார்கள். ரஷ்யாவில் நடந்தது இங்கும் நடக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் ‘இளம் ஆள்தானே, எனக்கென்ன’ என்று விட்டுவிடாமல் வருடத்துக்கு ஒரு தடவை அளந்து பார்க்க அது போதுமான காரணம்.

மன வருத்தமும் தனியாகப் பார்க்கவேண்டிய வருத்தம்தான். போர் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தி 2011இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களில் 32.6 வீதமானவர்களிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 வீதமானவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன. சின்னம்மாவுக்கு 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்கு மனநல உதவி வேண்டும், பிரஷருக்குப் பிரஷர் குளிசை வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை விடமுடியாது.

கையில் வைத்திருக்கவேண்டியவை

உலகில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 46 வீதமானவர்களுக்கு அது தெரியாது என்றும் 2021இல் உலக சுகாதார ஸ்தாபனம் கணித்தது. பிரஷர் வலிக்காது. தலையிடிக்கவில்லை என்பது பிரஷர் இல்லை என்பதற்குச் சாட்சி அல்ல.

எண் 180/120ஐத் தாண்டி, ஆனால் வேறு குணம் ஒன்றும் இல்லையென்றால், ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி அளவுங்கள். அப்படியே நின்றால் அன்றைக்கே வைத்தியரைப் பாருங்கள். நெஞ்சு நோ, மூச்சுத் திணறல், கடும் தலையிடி, பார்வை மங்குதல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலம் இழத்தல், பேச்சுக் குழறுதல் என்று ஏதாவது இருந்தால் எண் எதுவாயினும் காத்திருக்கவேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குணம் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். அப்பா விழுந்தபோது நாங்கள் முதலில் முகத்தில் தண்ணீர் தெளித்து, கொஞ்சம் படுக்கட்டும் என்று விட்டோம். மாமா வந்துதான் வாகனம் பிடித்தது. நேரம் எங்களுக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டாரின் குளிசையையோ, வெளிநாட்டுச் சூட்கேசில் வந்த குளிசையையோ நீங்களாகப் போடாதீர்கள். அவசரத்துக்கு நாக்கின் கீழ் குளிசை வைத்து எண்ணைச் சடுதியாக இறக்குவதும் ஆபத்து. மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். வைத்தியர் தந்த குளிசையை எண் சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். எண் சரியாக இருப்பதே குளிசையால்தான். 35 வயதைத் தாண்டியவர்கள் அரச வைத்தியசாலைகளோடு சேர்ந்த சுகவாழ்வுப் பரிசோதனை நிலையங்களில் பிரஷரையும் சீனியையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இப்போது மருந்து இல்லை. அப்பாவின் கதை இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏழு நாள் கணக்கு எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். கருவி மூன்றாம் மாடிக்குத் திரும்பிப் போவதற்கு முன் அம்மாவையும் கதிரையில் இருத்தி அளந்தேன்.

“எனக்கென்ன, நான் இப்ப ஒண்டும் யோசிக்கிறேல்லையே” என்றார்.

152/86. கதைத்துக்கொண்டே அளந்ததால் மறுபடி அளந்தேன். 146/84. ஒரு பழைய கொப்பியில் திகதியைப் போட்டு இரண்டையும் எழுதினேன். அம்மாவின் ஏழு நாள் அடுத்த நாள் காலையில் தொடங்கியது.